வாயிற்காவலன் கேட்ட கேள்வி

"என் சட்டைக்கு இஸ்திரி போடு!"

இப்படிக் கூச்சலிட்டவர்கள் ஆடவர் இருவர். இடம் சலவைக் கடையன்று, தேர்தல் கூட்டம். ஊர் சேலம், நம் சேலமன்று, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சேலம். நாள் 2008 சனவரி 7. கூச்சல் எவரை நோக்கி எழுந்தது? சட்டம் பயின்று வழக்கறிஞராகத் திகழ்ந்தவர், எட்டாண்டுக் காலம் வெள்ளை மாளிகையில் வாழ்ந்தவர், நியூயார்க் மாநில மக்களால் இருமுறை செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அத்தகைய ஹிலாரி கிளிண்டன் அம்மையாரை நோக்கி! "நாட்டை ஆளும் பொறுப்பைத் தாருங்கள்" என்று அவர் கேட்டார். "சட்டையைத் தேய்த்துத் தா" என்று அவர்கள் விடை தந்தனர்.

அதே ஆண்டில், அதே பதவிக்கு, அதே ஜனநாயகக் கட்சிக்குள் போட்டியிட்ட மற்றொருவர் பராக் ஒபாமா. அவருடைய முழுப் பெயரின் நடுவே நிற்கும் 'ஹுசைன்' என்ற சொல்லை அழுத்தி அழுத்தி உச்சரித்தனர் சிலர். "இவர் நம்மவர்தானா? எந்த மதம்? எந்த நாடு?" என்று வதந்திகள் பறந்தன.

ஒருவர் பெண், ஒருவர் கறுப்பர். இருவர்க்கும் மூடிக்கிடந்தது ஒரே கதவு. அந்தக் கதவை ஏன் இத்தனை காலம் மூடி வைத்தீர்கள் என்று நாடு கேட்டிருக்க வேண்டும். கேட்டதா? இல்லை! "முதலில் உள்ளே விடத் தக்கவர் யார்? பெண்ணா, கறுப்பரா?" என்ற வழக்காடலிலே மாதங்கள் கழிந்தன. ஒடுக்கப்பட்டோர் இருவரை எதிரெதிரே நிறுத்தி, "உங்களில் மிகுதியாக மிதிபட்டவர் யார் என்று மெய்ப்பித்துக் காட்டுங்கள்" எனக் கேட்கும் இக்கேள்வி, வெளியே நிற்பவனுக்குத் தோன்ற வேண்டிய கேள்வியன்று; வாயிற்காவலன் கேட்கும் கேள்வி. அது 2008இல் பிறந்ததும் அன்று. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். மராட்டிய மண்ணில் சாதிக் கொடுமையைச் சாடிச் சோதிராவ் பூலே எழுதிய 'குலாம்கிரி' 1873இல் வெளிவந்தது. அந்நூலை அவர் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அடிமைத்தளை எங்கே அறுந்தாலும் அதன் ஓசை நம் செவியில் விழும். அறுக்க முனைந்தோர் எங்கே வழுக்கினாலும் அதுவும் நமக்குப் பாடமாகும்.

சொல்லாமல் நடந்த அடையாள அரசியல்

"பெண் என்று சொல்லி வாக்குக் கேட்கலாமா? நிறத்தைக் காட்டி ஆதரவு தேடலாமா? தகுதியை அல்லவா பார்க்க வேண்டும்?" என்று அறிவுரை வழங்கினர் சிலர். 'அடையாள அரசியல்' என்று அதற்குப் பெயரும் சூட்டினர்.

நல்லது, கணக்குப் பார்ப்போம். ஜார்ஜ் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றது 1789இல். அன்று தொட்டு 2008 வரை ஆண்டுகள் 219. அப்பதவியில் அமர்ந்தவர்கள் 42 பேர். அத்தனை பேரும் வெள்ளையர். அத்தனை பேரும் ஆடவர். இத்தனை நீண்ட காலத்தில், இத்தனை பெரிய நாட்டில், தகுதி படைத்த பெண் ஒருத்திகூடப் பிறக்கவில்லையா? கறுப்பர் ஒருவர்கூட வளரவில்லையா? பிறந்தார்கள், வளர்ந்தார்கள், ஆனால் வரவிடவில்லை என்றால், அதற்குப் பெயர் என்ன? அடையாள அரசியல் அன்றி வேறென்ன?

1787இல் எழுதப்பட்ட அரசியல் சட்டம், மாநிலங்களுக்குரிய இடங்களைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணச் சொன்னது. ஐந்து மனிதர் நின்றால் மூன்று என்று எண்ணு! அந்த மூவருக்கும் வாக்கு இல்லை; அவர்களை உடைமையாக வைத்திருந்தவனுடைய மாநிலத்துக்கே செல்வாக்கு. பெண்களுக்கோ பெரும்பாலான இடங்களில் வாக்கும் இல்லை. மணமான பின் தன் பெயரில் சொத்தும் இல்லை. இவையெல்லாம் அடையாளம் பார்த்து வகுத்த விதிகள் அல்லவா?

ஆண்டவன் அடையாளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது 'இயல்பு' என்ற போர்வையில் ஒளிந்துகொள்கிறது. மிதிபட்டவன் எழுந்து, "நான் இன்னான், என்னை ஏன் மிதித்தாய்?" என்று கேட்கும்போதுதான், "ஐயையோ, அடையாளம் பேசுகிறானே!" என்ற கூக்குரல் கிளம்புகிறது. இதை முதலில் தெளிந்துகொண்டால், பின்வரும் கதை விளங்கும்.

கான்சாசில் கண்ட இரட்டைத் தோல்வி

1848 சூலைத் திங்களில், நியூயார்க் மாநிலத்துச் செனகா ஃபால்ஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 பேர் கூடினர். பெண்ணுரிமைக்கென்றே கூட்டிய மாநாடு அது. எலிசபெத் கேடி ஸ்டாண்டன் அம்மையார், "வாக்குரிமை வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவந்தபோது, வந்திருந்த பெண்களே தயங்கினர். மிகையான கோரிக்கை என்று அஞ்சினர். அப்போது எழுந்து ஆதரித்துப் பேசியவர் யார்? அடிமையாய்ப் பிறந்து, தப்பி ஓடிவந்து, தன் முயற்சியால் எழுத்தறிந்து, நாவலராய் உயர்ந்த கறுப்பர் ஃபிரெடரிக் டக்ளஸ்! தீர்மானம் நிறைவேறியது. ஒடுக்கப்பட்டவன் ஒடுக்கப்பட்டவளுக்குத் தோள் கொடுத்த நாள் அது.

உள்நாட்டுப் போர் முடிந்தது. 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. 1866இல் இரு சாராரும் இணைந்து அமெரிக்கச் சம உரிமைச் சங்கம் கண்டனர். நிறம் பாராமல், பால் பாராமல் எல்லார்க்கும் வாக்கு என்பதே அதன் குறிக்கோள். எவ்வளவு நேரிய நோக்கம்! எவ்வளவு வலிய கூட்டணி!

அடுத்த ஆண்டே வந்தது சோதனை. 1867இல் கான்சாஸ் மாநிலத்தில் இரண்டு கேள்விகள் மக்கள் வாக்குக்கு விடப்பட்டன. கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமை தரலாமா என்பது ஒன்று. பெண்களுக்குத் தரலாமா என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்தே ஆதரிக்க வேண்டியவர்கள் பிளவுபட்டனர். குடியரசுக் கட்சியினருள் பலர் கறுப்பர் வாக்கை ஆதரித்துப் பெண்கள் வாக்கை எதிர்த்தனர். கைவிடப்பட்ட ஸ்டாண்டன் அம்மையாரும் அவருடைய தோழி சூசன் ஆண்டனி அம்மையாரும், கறுப்பரை இழித்துப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ட்ரெயின் என்ற செல்வந்தரோடு மேடையேறினர். முடிவு என்ன? கறுப்பர் வாக்கும் தோற்றது. பெண்கள் வாக்கும் தோற்றது! ஒருவரை ஒருவர் படிக்கட்டாக்க முயன்றனர்; இருவரும் கீழேயே நின்றனர்.

1868இல் நிறைவேறிய 14ஆம் திருத்தம், வாக்குரிமை பற்றிய பிரிவில், 'ஆண்' என்ற சொல்லை அமெரிக்க அரசியல் சட்டத்தில் முதன்முறையாக எழுதியது. அடுத்து வந்த 15ஆம் திருத்தம், இனம், நிறம், முன்பு அடிமையாய் இருந்தமை ஆகியவற்றைக் காட்டி வாக்கை மறுக்கலாகாது என்றது. பாலைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1869 மே மாதம் நியூயார்க்கில் சங்கம் கூடியது. டக்ளஸ் எழுந்தார். கறுப்பர் என்பதற்காகவே மக்களை வீடு புகுந்து இழுத்து விளக்குக் கம்பங்களில் தொங்கவிடுகிறார்கள். பெண் என்பதற்காகவே அவ்வாறு செய்யும் நாள் வந்தால், அவர்களுடைய தேவையும் அதே அளவு அவசரமானது என்று ஒப்புவேன் என வாதிட்டார். "கறுப்பினப் பெண்ணுக்கும் அக்கொடுமை நேர்வதில்லையா?" என்று ஒரு குரல் கேட்டது. "நேர்கிறது, ஆனால் அவள் பெண் என்பதற்காக அன்று, கறுப்பி என்பதற்காக" என்றார் டக்ளஸ்.

வாதம் கூரியது. ஆயினும் அந்த ஒரு கேள்வியில் எத்தனை உண்மை அடங்கிக் கிடந்தது! கறுப்பினப் பெண்ணைக் கறுப்பு வேறு, பெண் வேறு என்று எப்படிப் பிளப்பது? ஒரே உடம்பில் விழும் இரண்டு அடிகளில் எது நிறத்துக்கு, எது பாலுக்கு என்று எவன் பிரித்துக் காட்டுவான்?

அப்பெண்களே என்ன எண்ணினர்? அடிமையாய் இருந்து விடுபட்ட சோஜர்னர் ட்ரூத், கறுப்பின ஆடவர்க்கு மட்டும் உரிமை கிடைத்தால் அவர்கள் பெண்களுக்கு எசமானர் ஆவார்கள் என்று 1867இல் எச்சரித்தார். கவிஞர் ஃபிரான்சஸ் ஹார்ப்பரோ, இந்நாடு ஒரு கேள்வியைத்தான் தாங்கும் என்றால், தம் இனத்து ஆடவர் பெறுவதற்குக் குறுக்கே ஒரு துரும்பையும் போடமாட்டோம் என்று 1869இல் கூறினார். இருவரும் கறுப்பர், இருவரும் பெண்கள், இருவரும் நேர்மையாளர்கள், முடிவு மட்டும் வேறு! பிறப்பு ஒருவருடைய மூளைக்கு முத்திரை வைத்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் ஸ்டாண்டன் அம்மையார் அன்று எடுத்த ஆயுதம் நஞ்சு தோய்ந்தது. எழுத்தறியாக் கறுப்பனும், கப்பலேறி வந்த ஏதிலியும், கற்ற பெண்களுக்குச் சட்டம் இயற்றுவதா என்று ஏளனம் பேசினார். எசமானனுடைய சாட்டையை எடுத்து மற்றோர் அடிமையின் முதுகில் வீசினார். சங்கம் உடைந்தது. பெண்ணுரிமை இயக்கமும் இரண்டாகப் பிளந்து, மீண்டும் ஒன்றுசேர 1890 வரை ஆயிற்று.

யாருக்கு ஆதாயம்? 1870இல் ஏட்டில் கிடைத்த கறுப்பர் வாக்கு, தென் மாநிலங்களில் தலைவரி என்றும், எழுத்தறிவுத் தேர்வு என்றும், துப்பாக்கி என்றும் பல வடிவில் பறிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தபிறகே அங்கே உயிர் பெற்றது. பெண்களுக்கு 1920இல் வாக்குரிமை வந்தது. அதற்குமுன், 1913 மார்ச்சு 3இல் வாஷிங்டன் நகரில் நடந்த பெண்கள் பேரணியில், வெள்ளைப் பெண்கள் மனம் கோணாதிருக்கக் கறுப்பினப் பெண்கள் பின்னால் வரட்டும் என்றனர். இதழாசிரியர் ஐடா வெல்ஸ் அதற்கு இணங்கவில்லை; தம் மாநில அணியிலே புகுந்து நடந்தார். 'முதலில் யார்' என்ற வரிசையில் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த இடம் இரு பக்கத்திலும் கடைசி!

கேலிக்கு ஆளான மூவர்

வாக்கே இல்லாத காலத்திலும் வேட்பாளராக நிற்கத் துணிந்த பெண்கள் உண்டு. 1872இல் விக்டோரியா உட்ஹல் அம்மையாரைச் சம உரிமைக் கட்சி குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்தியது. துணைத் தலைவர் இடத்துக்கு டக்ளஸின் பெயரை, அவர் இசைவைப் பெறாமலே அறிவித்தது. அவர் அதனை ஏற்கவில்லை. பெயர்போன ஓவியர் தாமஸ் நாஸ்ட், அம்மையாருக்குக் கொம்பும் சிறகும் வரைந்து 'திருமதி சாத்தான்' ஆக்கினார். சமயப் பிரசங்கி ஒருவருடைய கள்ள ஒழுக்கத்தை ஏட்டில் வெளியிட்டதற்காக ஆபாசக் குற்றம் சாட்டப்பட்டு, தேர்தல் நாளன்று அம்மையார் சிறையில் இருந்தார். ஒழுக்கம் தவறியவர் பிரசங்க மேடையில். எடுத்துச் சொன்னவர் சிறைக் கூடத்தில்!

1884இல் நின்ற பெல்வா லாக்வுட் அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமையை 1879இலேயே போராடிப் பெற்றவர். "எனக்கு வாக்கில்லை, ஆனால் எனக்கு வாக்களிப்பதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை" என்பது அவர் வாதத்தின் சாரம். பதிலாக ஆடவர்கள் பெண்ணுடை அணிந்து தெருவில் ஊர்வலம் போய் நகைத்தனர். கொள்கைக்கு விடையில்லாதபோது பாவாடை அணிந்து ஆடுவது என்ன வீரமோ!

1964இல் குடியரசுக் கட்சியில் போட்டியிட்ட மார்கரெட் சேஸ் ஸ்மித், செனட்டர் மெக்கார்த்தி நடத்திய வேட்டையை 1950இலேயே மன்றத்தில் எதிர்த்துப் பேசிய நெஞ்சுரம் வாய்ந்தவர். பெருங்கட்சி ஒன்றின் மாநாட்டில் அப்பதவிக்கு முன்மொழியப்பட்ட முதல் பெண் அவரே. பெற்ற வாக்குகள் 27.

இரு வீட்டாரும் கைவிட்ட ஆசிரியை

இனி நாம் சற்று நின்று பார்க்க வேண்டியவர் ஷெர்லி சிசோம். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1924இல் பிறந்தவர். கரிபியன் பகுதியிலிருந்து பிழைக்க வந்த உழைப்பாளிக் குடும்பத்தின் மகள். மழலைப் பள்ளியில் ஆசிரியையாகத் தொடங்கியவர். 1968இல் நாடாளுமன்றத்துக்கு நின்றபோது, தலைநகரில் ஒலிக்க ஓர் ஆண்குரல் வேண்டும் என்பது எதிர்த் தரப்பின் பிரசாரம். எதிர்த்து நின்றவர் வெள்ளை வெறியர் அல்லர். கறுப்பின உரிமைப் போராட்டத்தில் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஃபார்மர்! சிசோம் வென்றார், பிரதிநிதிகள் சபையில் நுழைந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். மாடி வீடுகளும் நெரிசல் தெருக்களும் நிறைந்த நகர்த் தொகுதிக்காரருக்கு வேளாண்மைக் குழுவில் இடம் ஒதுக்கினர் பெரியவர்கள். புதியவர்கள் வாய் மூடி ஏற்பதே மரபு. அவர் எழுந்து நின்று எதிர்த்தார், குழு மாற்றப்பட்டது.

1972 சனவரி 25இல், குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்பதாகத் தம் ஊர்த் தேவாலயக் கூடத்தில் அறிவித்தார். தாம் கறுப்பர் என்பதில் பெருமை உண்டு, ஆயினும் கறுப்பர்களின் வேட்பாளர் அல்லர். பெண் என்பதிலும் அதே பெருமை உண்டு, ஆயினும் பெண்ணியக்கத்தின் வேட்பாளர் அல்லர். தாம் மக்களின் வேட்பாளர் என்றார். அடையாளத்தை மறைக்கவுமில்லை, அதை விற்கவுமில்லை!

வரவேற்றவர் யார்? அவ்வாண்டு மார்ச்சு மாதம் இந்தியானா மாநிலத்துக் கேரி நகரில் கூடிய கறுப்பின அரசியல் மாநாடு அவரை ஆதரித்துத் தீர்மானம் செய்யவில்லை. முதல் கறுப்பின வேட்பாளர் ஆணாக இருக்க வேண்டாமா என்ற மனத்தாங்கல் தலைவர்கள் சிலருக்கு. பெண்ணியக்கத் தலைவியரோ, வெல்லக்கூடியவர் என்று கருதி வெள்ளை ஆடவரான ஜார்ஜ் மெக்கவர்ன் பக்கம் சாய்ந்தனர். "பெண்ணுக்கு முதலிடம்" என்றவர்களுக்கு அவர் கறுப்பாகத் தெரிந்தார். "கறுப்பருக்கு முதலிடம்" என்றவர்களுக்கு அவர் பெண்ணாகத் தெரிந்தார். தொலைக்காட்சி விவாதங்களில் இடம் மறுத்தனர். முறையிட்டுப் போராடியே பேசும் நேரம் பெற்றார். சூலையில் மயாமி கடற்கரையில் கூடிய கட்சி மாநாட்டில் அவர் பெற்ற பேராளர் வாக்குகள் 152.

அந்தத் தேர்தலின் நடுவே, இன ஒதுக்கலைத் தாங்கிப்பிடித்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். சிசோம் அவரைப் போய்ப் பார்த்தார். "பகைவனைப் பார்ப்பதா?" என்று சொந்தத் தொகுதியினரே சினந்தனர். 1974இல், வீட்டு வேலை செய்வோரைக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவர அவர் பாடுபட்டபோது, தென் மாநில உறுப்பினர்கள் ஆதரவைத் திரட்ட வாலஸ் உதவினார் என்று சிசோம் அம்மையாரே கூறியிருக்கிறார். பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கிய பெண்களுக்குச் சட்டம் துணை வந்தது. மிதிபட்டவருக்குப் பயன் தந்ததா என்பதுதான் அரசியலின் உரைகல். எந்த வீட்டில் பிறந்தார் என்பதன்று.

கறுப்பர் என்பதைவிடப் பெண் என்பதாலேயே தமக்கு மிகுதியான தடைகள் நேர்ந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார். இதனைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, பெண்ணடிமைதான் பெரிது" என்று பட்டியல் எழுதக் கிளம்பினால், அவரை நாம் படிக்கவில்லை என்று பொருள். தம் தழும்பை அவர் காட்டினார். பிறர் தழும்பை அளக்கக் கோல் தரவில்லை.

2008: பழைய வழக்கு, புதிய மன்றம்

மீண்டும் 2008க்கு வருவோம். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சிற்றுண்டிக் கடையில் பேசிக்கொண்டிருந்த கிளிண்டன் அம்மையாரின் கண் சற்றே கலங்கிற்று. அதுவும் அதே சனவரி 7. நாடு முழுதும் ஆராய்ச்சி! அழுதது மெய்யா, நடிப்பா? அழுகிறவர் நாட்டை ஆளலாமா? அழாவிட்டால் "நெஞ்சில் ஈரமில்லை" என்றிருப்பர். கலங்கினால் "நெஞ்சில் உரமில்லை" என்றனர். இரண்டு நாள் முன்பு நடந்த விவாதத்தில், "உங்களைப் பலருக்குப் பிடிக்கவில்லையே" என்று கேட்கப்பட்டது. ஒபாமா, "பிடிக்கும் அளவுக்கு இருக்கிறீர்கள்" என்று அலட்சியமாய் ஒரு சொல் வீசினார். அதற்கு முன்பு 2007 நவம்பரில், குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் கூட்டத்தில் அம்மையாரைப் பெட்டை நாய் என்னும் வசைச்சொல்லால் குறித்து, "எப்படி வீழ்த்துவது?" என்று ஒருவர் கேட்டார். மெக்கெய்ன் சிரித்தார், நல்ல கேள்வி என்றார். கேட்டவர் ஒரு பெண்!

ஒபாமாவுக்கும் குறைவில்லை. "தெளிவாகப் பேசுகிறார், தூய்மையாக இருக்கிறார்" என்று 2007 தொடக்கத்தில் ஜோ பைடன் அவரைப் பாராட்டினார். கறுப்பர் தூய்மையாய் இருப்பது பாராட்டத்தக்க வியப்பாம்! 2008 அக்டோபரில் ஒரு கூட்டத்தில், "அவர் அராபியர்" என்று ஒரு மூதாட்டி அஞ்சிக் கூற, மெக்கெய்ன் மறுத்தார்: "இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பத்தலைவர்." மறுத்தது பண்புதான், ஆனால் அராபியர் நல்ல குடும்பத்தலைவராக இருக்கலாகாதா? சில நாளில் அக்கட்சியின் முன்னாள் அமைச்சர் காலின் பவல்தான் நேர்ப்பட உரைத்தார்: ஒபாமா கிறித்தவர் என்பது சரியான விடை, உண்மையில் சரியான விடையோ, "முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன?" என்பது. பகுத்தறிவின் குரல் அது. பொய்க் குற்றச்சாட்டை மறுப்பது எளிது. அது குற்றமே அன்று என்று சொல்லத்தான் துணிவு வேண்டும்.

இவற்றுக்கிடையே 1869இன் சண்டை மீண்டும் மூண்டது. சனவரி 8இல் பெண்ணியத் தலைவி குளோரியா ஸ்டைனம் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார்: அமெரிக்க வாழ்வில் மிகுதியாகக் கட்டிப்போடும் தளை பால் வேற்றுமையே, கறுப்பின ஆடவர் வாக்குரிமை பெற்று அரை நூற்றாண்டு கழித்தே எந்த இனத்துப் பெண்ணும் பெற்றாள் என்று. யாருக்குத் துன்பம் மிகுதி என்று போட்டி வைப்பது தம் நோக்கமன்று என்றும் அவரே எழுதினார். ஆயினும் வைத்த கணக்கு போட்டிக்குத்தான் உதவியது. தென் மாநிலங்களில் 1965 வரை அந்த வாக்கு எங்கே இருந்தது? கறுப்பினப் பெண் அறிஞர்கள் கேட்டனர்: "உங்கள் கணக்கில் நாங்கள் எந்தப் பத்தியில் நிற்கிறோம்?"

மார்ச்சு மாதம் வந்தது இதனினும் பெரிய கொடுமை. 1984இல் பெருங்கட்சி ஒன்றின் துணைத் தலைவர் வேட்பாளராக நின்ற முதல் பெண் ஜெரால்டின் ஃபெராரோ. அன்று மிசிசிப்பியில் ஓர் அதிகாரி, "உங்களுக்கு அப்பம் சுடத் தெரியுமா?" என்று கேட்க, "தெரியும், உங்களுக்குத் தெரியுமா?" என்று திருப்பியடித்த வீராங்கனை. அத்தகையவர் 2008இல் சொன்னார்: ஒபாமா வெள்ளை ஆடவராக இருந்தால் இந்நிலைக்கு வந்திருக்க மாட்டார் என்று! கண்டனம் எழ, கிளிண்டன் பிரசாரக் குழுவின் பொறுப்பிலிருந்து விலகினார். இச்சொல் எங்கே போய் முடிந்தது தெரியுமா? 2016 ஏப்ரலில் டொனால்ட் ட்ரம்ப், ஹிலாரி ஆணாக இருந்தால் நூற்றுக்கு ஐந்து வாக்கும் பெறமாட்டார் என்றார். தோழர்களே, இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்! ஒரே அச்சில் வார்த்தவை. ஒருவரைத் தள்ள நாம் உருவும் வாள், நாளை நம் கழுத்துக்கே திரும்பும்.

இந்த அமளியில் மறைந்துபோனது எது? கொள்கை! 2002 அக்டோபரில் ஈராக் மீது போர் தொடுக்க அதிகாரம் தரும் தீர்மானம் செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியபோது, கிளிண்டன் அம்மையார் ஆதரித்து வாக்களித்தார். இல்லினாய் மாநில மன்றத்தில் இருந்த ஒபாமா அப்போரை வெளிப்படையாக எதிர்த்தார். அனைவரும் மருத்துவக் காப்பீடு பெறுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார் அம்மையார். பிள்ளைகளுக்கு மட்டும் கட்டாயம் போதும் என்றார் ஒபாமா. மாண்ட உயிர்களையும் நோயாளியின் படுக்கையையும் தொட்ட வேறுபாடுகள் இவை. இவற்றைக் கண்ணீருக்கும் சட்டைக்கும் கொடுத்த நேரத்தில் பாதி கொடுத்துப் பேசியிருந்தால், வாக்காளர் அறிவு எவ்வளவு விரிந்திருக்கும்!

ஆகஸ்டு 29இல் மெக்கெய்ன் தம் துணைக்கு அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினை நிறுத்தினார். "பெண் வேண்டும் என்றீர்களே, இதோ பெண்" என்பது போன்ற ஏற்பாடு. கருக்கலைப்பு உரிமையை எதிர்த்தவர் அவர், பெண்ணியக்கத்தார் பலர் அவரை எதிர்த்தனர், அது நேர்மை. ஆனால் அவர் உடையையும் உடலையும் தாய்மையையும் கேலி செய்தவர்களும் இருந்தனர். அது சேலத்துச் சட்டைக் கூச்சலின் உடன்பிறப்பு.

துளசேந்திரபுரத்து மணியோசை

2008 நவம்பர் 4இல் ஒபாமா வென்றார். கதவின் ஒரு பக்கம் திறந்தது. மறுபக்கம்? 2016இல் கிளிண்டன் அம்மையார், ட்ரம்பைவிட 28 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றும், தேர்வாளர் மன்றக் கணக்கில் தோற்றார். வெள்ளைப் பெண்களிலேயே ட்ரம்புக்கு வாக்களித்தவர்கள்தாம் மிகுதி.

2024இல் கமலா ஹாரிஸ் நின்றார். தாய் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து 1958இல் அமெரிக்கா சென்றவர். தந்தை ஜமைக்கா நாட்டவர். சூலை 31இல் ட்ரம்ப், அவர் இந்தியராகவே இருந்து திடீரெனக் கறுப்பராக மாறினார் என்று ஏளனம் செய்தார். 1869இல் கறுப்பு வேறு, பெண் வேறு என்று பிளந்தார்கள். இப்போது தந்தை வேறு, தாய் வேறு என்று பிளந்தார்கள்.

நம் மண்ணில் நடந்ததென்ன? அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில், 2024 நவம்பர் 5இல் கோவில் மணி ஒலித்தது. வெற்றி வேண்டி வழிபாடு நடந்தது. வாக்குப் பெட்டி பென்சில்வேனியாவில், கற்பூரம் துளசேந்திரபுரத்தில்! அவர் தோற்றார், தெய்வத்தின் மீது எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. வழிபாட்டைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. "நம் ஊர்ப் பெண்" என்று பூரித்தவர்களில் எத்தனை பேர் அவருடைய கொள்கையைக் கேட்டனர்? காசாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இஸ்ரேலுக்கு ஆயுதம் தந்த ஆட்சியில் அவர் துணைத் தலைவர். அமெரிக்க இளைஞர் பலர் அதைக் கேட்டனர். நாம் 'சித்தி' என்ற தமிழ்ச்சொல்லை அவர் 2020இல் மேடையில் உச்சரித்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். அதே வேளையில், பிள்ளை பெறாத, பூனை வளர்க்கும் பெண்கள் நாட்டை ஆள்வதா என்று ஜே. டி. வான்ஸ் 2021இல் கூறிய பழிச்சொல் மீண்டும் அவர்மீது வீசப்பட்டது. அவர் ஆட்சிக் கொள்கையை எதிர்ப்பவரும் இப்பழியை எதிர்க்கத்தான் வேண்டும்.

நாம் கொள்ள வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறுவன மூன்று.

ஒன்று: இழிவு எந்த அடையாளத்தின் பெயரால் சுமத்தப்பட்டதோ, அந்த அடையாளத்தைச் சொல்லித்தான் எதிர்க்க முடியும். "பெண் என்பதால் மறுத்தாய், பெண்ணாகவே வருகிறேன்" என்பது பிரிவினையன்று, நீதி.

இரண்டு: உள்ளே நுழைந்தவர் ஆற்றும் செயலை அடையாளம் மூடி மறைக்கக் கூடாது. வாசலில் நீதி கேட்போம். உள்ளே கணக்குக் கேட்போம்.

மூன்று: நாம் எதிர்க்கும் பெண்ணையும் பெண் என்பதற்காக எவரும் இழிக்க விடலாகாது. கிளிண்டனின் போர் வாக்கைச் சாடுவோம். சட்டையைத் தேய்க்கச் சொன்னவனையும் சாடுவோம். பேலினின் கொள்கையை மறுப்போம். அவர் உடலைக் கேலி செய்தவனையும் மறுப்போம். நமக்கு வேண்டியவருக்கு மட்டும் மானம் உண்டு என்பது மானமன்று, கட்சி கட்டல்.

நம் மன்றங்களிலும் சங்கங்களிலும் இக்கேள்வி வேறு வேடத்தில் வரும். "முதலில் சாதி ஒழியட்டும், பெண் பிறகு" என்று ஒருவர் சொல்வார். "முதலில் பெண், சாதி பிறகு" என்று மற்றொருவர் சொல்வார். அப்போது கான்சாசை நினைவுகூர்க. இரண்டு கேள்விகளையும் மோதவிட்டார்கள், இரண்டும் தோற்றன. மன்றத்தின் கடைசி வரிசையில், சாதியாலும் பாலாலும் ஒருசேர அழுத்தப்பட்டு, பேச வாய்ப்பின்றி அமர்ந்திருக்கும் பெண்ணைப் பாருங்கள். அவளை மேடைக்கு அழையுங்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று அவளிடம் கேளாதீர்கள். அவளுக்கு வழி கிடைக்கும் அளவுக்குக் கதவு திறந்தால், மற்ற எல்லோருக்கும் அது திறந்தே இருக்கும்.